வெளிநாட்டுக்காரரின் கேள்வி

அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணா,

உம்மாவின் அடக்கம் முடிந்து விடுதிக்குப் போன நீ போனை எடுப்பதில்லை. அதனால் கடிதம். வாப்பா சமைக்கிறார். உப்பில்லை என்று நான் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

உன் பல்கலைக்கழக நண்பர்கள் வந்திருந்தார்கள். கடைத்தெருவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் நம் மார்க்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்கான பயிற்சிக்கு நீ வருவதே இல்லையாம்.

நீ வீட்டில் பேசிப் பழகும்போது வெளிநாட்டுக்காரர் வேடம் எனக்குத்தான். உம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல் குறுக்குக் கேள்வி கேட்பேன். உன் ஆங்கிலம் ஜோராகப் புறப்படும். இலக்கணம் மட்டும் பாதி வழியில் இறங்கிவிடும்.

"ஒண்ணுமே புரியலடா. ஆனா நல்லாருக்கு, விடாம பேசு" என்று உம்மா கைதட்டுவார்.

"உங்கள் இறைவன் கருணையாளன் என்றால், நல்லவர்களை ஏன் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறான்?" என்று அந்த வெளிநாட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். உன்னை மாட்டிவிடத்தான் கேட்டார். "படிச்சிட்டு வந்து சொல்றேன், சார்" என்றாய். மூவரும் சிரித்தோம்.

மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நான் தொடவில்லை. அதே கேள்வியை இப்போது நானே கேட்கிறேன். பதில் ஆங்கிலத்தில் வேண்டாம், வீட்டுக்கு வந்து நம் பேச்சிலேயே சொல். தெரியாவிட்டாலும் வா.

இப்படிக்கு,
வேடம் கலைத்துவிட்ட உன் வெளிநாட்டுக்காரர்