புதரில் சிக்கிய சிவப்புத் துணி

ஜனவரி 11

இன்று அண்ணனிடம் சொல்லாதது: கிணற்றுக்குத் தெற்கே காட்டு ஒட்டகம் நின்றது.

ஆண். தனியாக வந்திருந்தது. எங்கள் ஒட்டகங்களைவிட ஒல்லி. திமில் இரண்டும் சின்னதாக, கூம்பாக. தொட்டியில் உறைந்ததை நான் உடைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு சீன எல்லை வேலிப் பக்கமாக நடந்து போய்விட்டது. உலகத்தில் ஆயிரம்கூட மிச்சமில்லை என்று படித்திருக்கிறேன். கோபிப் பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்தும் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. முன்பு என்றால் அண்ணனைக் கூப்பிட ஓடியிருப்பேன். ஓடவில்லை. மீதிப் பனிக்கட்டியை உடைத்தேன்.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "தெக்கால ஏதாவது தடம் பாத்தியா?"

"இல்ல."

பொய் சொல்லும் எண்ணம் இல்லை. உண்மைக்கு நீளமாகப் பேசவேண்டும். 'இல்ல' சின்னது.

ஜனவரி 13

காற்று. நாள் முழுக்கப் புத்தகத்தில் அதே பக்கம்.

ஜனவரி 15

அண்ணனே தடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "காட்டான் வந்துட்டான்" என்று துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். போன குளிர்காலத்தில் கிழக்குக் கூடாரத்துக்காரர்களின் பொலி ஒட்டகத்தைக் கடித்தே கொன்றது ஒரு காட்டு ஒட்டகம். பெண் ஒட்டகங்களையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் இருப்பது ஒரே பொலி. அது போனால் அடுத்த வருஷ வசந்தத்தில் குட்டி கிடையாது.

"அதைச் சுட்டா ஜெயில்ணா."

"உன் புத்தகம் வந்து சாட்சி சொல்லுமாக்கும்?"

அண்ணி ஹாண்ட், மாவு பிசைந்தபடியே சொன்னாள். "பொலிக்குக் கட்டின சிவப்புத் துணியில மிச்சம் கிடக்கு, நர்மா. உங்கண்ணன் கழுத்துலயும் ஒண்ணு கட்டிவிடு. ஆளுங்க ஒதுங்கிப் போகட்டும்."

அண்ணனே சிரித்துவிட்டான்.

இந்த வருஷம் பொலிக்குத் துணி கட்டியது நான்தான். அதன் வாய் நுரை என் சட்டைக் கையில் காய்ந்து போயிற்று. இது மதம் பிடித்திருக்கிறது, கிட்டே வராதே என்று தூரத்திலேயே சொல்லிவிடும் துணி. எனக்கும் யாராவது ஒன்று கட்டியிருக்கலாம். போன வாரம் டீ குடிக்க வந்த பெண், குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க மாட்டாள். அக்டோபரில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தேன் என்று நானும் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜனவரி 18

என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் ஓட்டும் நிலக்கரி லாரி இன்னும் எல்லைச் சாவடி வரிசையில் நிற்கிறதாம்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"அப்புறம்?"

"வேற ஒண்ணுமில்ல."

ஜனவரி 20

காலையில் சாணி பொறுக்கப் போன இடத்தில், சக்சவுல் புதரில் சிவப்புத் துணி சிக்கியிருந்தது. கிழிந்து, விறைத்துப்போய். சுற்றிலும் தரை உழுதது போல. மயிர் கொத்துக் கொத்தாக. இரண்டும் மோதியிருக்கின்றன. துணியை எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டேன். வந்ததும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன் — நினைத்தேனா? அண்ணி அடுப்புக்குச் சாணி கேட்டாள், போட்டேன். டீ கொதித்தது. மறக்கவில்லை. சும்மா, சொல்லவில்லை.

மதியம் மணற்காற்று. தெற்கே ஒரு வெடிச் சத்தம்.

அண்ணன் வந்து கதவோரமே உட்கார்ந்துவிட்டான். அவன் சுட்டது எங்கள் பொலியை.

"கழுத்துல துணி இல்ல," என்றான். "ஒரே மணல். திமிலு சின்னதாத் தெரிஞ்சுது. மதத்துல தீனி திங்காம எளைச்சுப்போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா துணி இல்லியே, ஹாண்ட்."

எடுத்துக் கொடுத்தேன்.

"எங்க கிடந்துது?"

"புதர்ல."

"எப்ப எடுத்தே?"

"காலைல."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். அடிப்பான் என்று நினைத்தேன். அடிச்சிருக்கலாம். ஏன்டி சொல்லலேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் — கேட்டா என்னத்தச் சொல்லுவேன்? பேச வரலண்ணா. அக்டோபர்லேர்ந்தே வரல.

அவன் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். "டீ ஊத்து," என்றான்.

ஜனவரி 21

தோல் உரிக்க உதவினேன். கைக்குக் கதகதப்பாக இருந்தது.

ஜனவரி 22

வெள்ளை ஒட்டகத்தைக் காணவில்லை. என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. அண்ணன் தேடிப் போகவில்லை. துப்பாக்கியையும் எடுக்கவில்லை.

ஜனவரி 25

தானாகவே திரும்பிவிட்டது. பிடரியில் கடித்த தடம்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டிவிட்டு, கிணற்றருகே அன்று பார்த்ததையும் சொன்னேன். எந்த இடம், எப்படி நின்றது, எந்தப் பக்கம் போனது, நான் 'இல்ல' என்றது. இடையில் நிறுத்தவில்லை. நீளமாகத்தான் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றான்.

"ம்."

"குளிருது. உள்ள போ."

அடுத்த வருஷம், மார்ச் 2

இந்த வசந்தத்தில் எங்களுக்கு ஒரே ஒரு குட்டி. வெள்ளை ஒட்டகம் இன்று காலையில் போட்டது. மெலிந்த, நீளமான கால்கள். முதுகில் இரண்டு சின்னக் கூம்பு.

"யாரு சாடைன்னு ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் அண்ணி.

அண்ணன் குட்டியைக் கம்பளியில் சுற்றி உள்ளே தூக்கிவந்தான். பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்தான்.

"வெளிய விட்டா எவனாவது காட்டுதுன்னு சுட்டுருவான். நீயே கட்டு."

கட்டினேன்.