உள்ளே விழுந்த பத்தாம் நம்பர்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். உங்கள் நலம் தெரியவில்லை. போனை எடுத்தால்தானே தெரியும்? எழுத்தையாவது படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

வேலை மாறி வெளியூர் போகும்போது பாப்பாவையும் காரையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, "கார் சரியானதும் ரெண்டையும் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றீர்கள். என் மகளைக் காரோடு சேர்த்து எண்ணியது அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நீங்கள் சொன்ன சொல்லை நம்பி பானெட்டைத் திறந்தேன்.

மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் அடியில் இன்னொன்று. வெட்கப்படுகிற காரை இப்போதுதான் பார்க்கிறேன். ஐரோப்பிய பாணி ஸ்போர்ட்ஸ் கார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டீர்களே, ஐரோப்பாக்காரனுக்கு விரலே கிடையாதா? தண்ணீர் பம்ப் ஒழுகுகிறது. பம்பைத் தொட பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பெல்ட்டைக் கழற்ற முன்பக்க பம்பரையே கழற்ற வேண்டும். மூக்கைச் சிந்தச் சட்டையைக் கழற்று என்பது போல. கிளிப்புகளோ, பார்த்தாலே உடைகின்றன.

சரிசெய்யாமல் விடமாட்டேன். நீங்களும் சொன்னபடி வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். புது ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. தயவுசெய்து நீங்கள் அதில் கை வைக்க வேண்டாம். அது ஸ்கூட்டர் இல்லை. பெரிய பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். கார் தயாரானதும் தெரிவித்தால் உடனே ஏற்பாடு செய்கிறேன்.

அவளைக் கேட்டதாகச் சொல்லவும். சீட் வெளிர் நிறத் தோல். எண்ணெய்க் கையோடு யாரும் உட்கார வேண்டாம். வெயிலும் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
மாப்பிள்ளை

பிப்ரவரி 18

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தைப் பாப்பாவும் படித்தாள். "எனக்கு ஒரு வரி, சீட்டுக்கு மூணு வரி" என்று சொல்லிவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

பட்டறைக்கு அனுப்பவில்லை. நான் எங்கும் வேலை கற்றவனில்லை. ஸ்கூட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன். ஆனால் அவை திறந்தால் தங்களைக் காட்டிக்கொள்ளும். இந்தச் சனியனில் கண்ணுக்குத் தெரிகிற போல்ட் கைக்கு எட்டாது. கைக்கு எட்டுவது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டு வரை உள்ளே போன கை, அப்புறம் போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்கிறது. புறங்கையில் தோல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இதற்கிடையில் போல்ட் முறுக்குகிற பத்தாம் நம்பர் சாக்கெட் கை நழுவி உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. தரைக்கு வந்து சேரவில்லை. காந்தம் கட்டிய கம்பியை விட்டுத் துழாவினேன், அடியில் படுத்துப் பார்த்தேன், வண்டியைப் பிடித்து ஆட்டினேன். "கிளிங்" என்று உள்ளிருந்து பதில் மட்டும் சொல்கிறது. "என் கால் வலிக்கு இப்படி ஒரு நாள் குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்று உங்கள் அத்தை வேறு. வேறு சாக்கெட் இரவல் வாங்கி வேலையைத் தொடர்ந்தேன்.

பம்பை இறுக்கும் கடைசி போல்ட் என் கைக்குச் சிக்கவே இல்லை. இத்தனை நாளும் காரின் பக்கம் வராத பாப்பா அன்று வந்து நின்றாள்.

"நகருங்கப்பா."

"உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கை மட்டும் சின்னது."

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கை வரை உள்ளே விட்டாள். கன்னம் தகரத்தில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவியே முறுக்கி முடித்தாள். கையை எடுத்தபோது இரண்டு கோடு ரத்தம். உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் காரை ஓர் உதை விட்டேன். பள்ளம் விழவில்லை, பதற வேண்டாம்.

கார் ஓடுகிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாப்பா பெட்டியைக் கட்டி வாசல் கதவருகே வைத்துவிட்டாள். என்றைக்கு வருகிறீர்கள்?

உங்கள் மாமா

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

மிக்க மகிழ்ச்சி. சாதித்துவிட்டீர்கள்! எனக்கு லீவு கிடைக்கவில்லை. வரும் ஞாயிறு ஒரு டிரைவரை அனுப்புகிறேன். கார் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்பேர் சாவியையும் மறக்க வேண்டாம்.

அவள் கொஞ்ச காலம் அங்கேயே இருக்கட்டும். இங்கே எல்லாம் ஒரு நிலைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 11

கார் உரிமையாளர் அவர்களுக்கு,

பக்குவமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்குப் பக்குவம் வராது. கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துத் தன் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அந்தப் பெட்டியில் உங்கள் சட்டைகள், ஷேவிங் சாமான், செருப்பு எல்லாம் போட்டுப் பூட்டினாள்.

ஞாயிறு டிரைவர் வந்தார். நல்ல மனிதர். நான் ஸ்பேனரோடு வாசலில் நின்றேன். "பொண்ணு ஏறினா வண்டி போகும். இல்லேன்னா பம்பைப் பிடுங்கி எறிஞ்சிட்டுத்தான் அனுப்புவேன்" என்றேன். செய்தும் இருப்பேன்.

பாப்பா இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "குடுத்துடலாம்பா. இதை வாசல்ல நிறுத்திவெச்சுக்கிட்டு தினம் யார் பார்க்கிறது?"

"கை கிழிய முறுக்கினியே பாப்பா!"

"நல்லாத்தான் முறுக்கினேன். ஒழுகாது. எடுத்துட்டுப் போகட்டும்."

பெட்டியை அந்த வெளிர் நிறச் சீட்டில் அவளே வைத்தாள். எனக்கு ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை. ஆனால் சாவி அவள் கையில் இருந்தது.

ஒரு விஷயம். என் சாக்கெட் கடைசிவரை கிடைக்கவில்லை. முன்பக்கச் சட்டத்தின் பொந்துக்குள் எங்கேயோ கிடக்கிறது. வண்டிக்குக் கெடுதல் இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் "கிளிங்" என்னும், அவ்வளவுதான். வாசலிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டு டிரைவர் நிறுத்திக் குனிந்து பார்த்தார். "அது அப்படித்தான், நீங்க போங்க" என்றேன்.

எடுக்க வேண்டுமானால் பம்பரைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட வேண்டும். உங்கள் கை போகாது. கிடைத்தாலும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா