பிளாஸ்ஃபெமிக்கு நான் சொன்ன பாதிப் பொருள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, என்னோடு பேசுவதுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குறைந்திருக்கிறது. காரணம் நான்தான், சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்தவர் மாடிப்படியில் நின்று, "உனக்குக் கண்ணே கிடையாதா? நீயெல்லாம் ஒரு கடவுளா, தூ!" என்று கத்தினார். கட்டிடச் சங்கத்தார் அதை 'பிளாஸ்ஃபெமி', அதாவது தெய்வ நிந்தனை, என்று புகாராக்கி, அவர் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லக் கூட்டம் போட்டார்கள். அகராதி அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் என்பதால் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நானும் மெனக்கெட்டு எழுதிக்கொண்டு போனேன். கிரேக்கத்தில் அது யாருடைய பெயரையும் பேச்சால் கெடுப்பதைக் குறித்தது, மனிதர் பெயரானாலும் சரி, தெய்வத்துக்கென்று ஒதுங்கியதெல்லாம் பிற்பாடு. தாயின் ராசிதான் பிள்ளையைத் தின்றது என்று சங்கத்தாரே படிக்கட்டில் பேசுகிறார்களே, பழைய பொருளில் அதுவும் பிளாஸ்ஃபெமிதான், குற்றம் அவர்கள் பக்கம் திரும்பும், அதைச் சொன்னால் மெக்கானிக் தப்பிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அலுவலகப் பழக்கத்தில் இன்றைய பொருளை முதலில் வாசித்தேன், கடவுளை இழித்துப் பேசுதல் என்று. உடனே தலைவர், "போதும் சார், அகராதியே சொல்லிடுச்சு, எல்லாரும் கை தூக்குங்க" என்றார். இன்னும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் அவர்கள் போக வேண்டுமாம்.

"ஊர்ல இருக்கிற வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் எழுதினீங்க, ஒரு வார்த்தை பேச வாயில என்ன பூட்டா?" என்றாள் அம்மா. மன்னிப்புக் கேட்கப் போனால் அந்த மனிதர், "விடுங்க சார், உள்ளதத்தானே வாசிச்சீங்க" என்று எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். கூசிப்போய் நின்றுகொண்டே இருந்தேன். வேறு வீடு கிடைக்கும்வரை அவரும் மனைவியும் உன் அறையில் இருக்கலாம் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன் மகளே. சங்கத்தார் நம்மையும் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டுமே என்கிறாள் உன் தாய், நானும் பின்வாங்கப் போவதில்லை. உனக்கு மனவருத்தமானால் என்னைத் திட்டி எழுது, தகும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்விழித்து வேலை பார்க்காதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாய், நோய்நொடி அண்டாமல் நெடுநாள் வாழ வேண்டும். உன் அலமாரிச் சாவி எங்கே என்று மறக்காமல் எழுது. அவர்களுக்குத் துணி வைக்க இடம் வேண்டும், குழந்தையின் சட்டைகளையும் கொண்டுவருகிறார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா