யாரும் பார்க்காத ஒன்பது மாதம்

28 டிசம்பர் 2025, வரதராஜன்பேட்டை

கோயிலிலிருந்து வந்ததும் அப்பாவின் போனில் அந்தக் கல்யாண வலைத்தளத்தைத் திறந்தேன். அம்மா போனபின் என் கல்யாணப் பேச்சு முழுக்க அப்பா கையில்தான். பக்கத்துக்கு இருபது மாப்பிள்ளைகள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஈஸ்டருக்கு முன்னாலிருந்து ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. பெண் வீட்டார் நாமாகக் கேட்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். முப்பத்து மூன்று வயது டீச்சரை யார் கேட்பார்கள்? சலித்துவிட்டது.

29 டிசம்பர்

சித்தப்பா மகன் சாம் லீவில் வந்திருக்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நான் போனைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தான். "ஒண்ணொண்ணா பாத்தா என்னக்கா புரியும்? மொத்தத்தையும் ஒரே படமா போட்டுத் தரேன்."

30 டிசம்பர்

லேப்டாப் முழுக்கப் புள்ளிகள், வரகைக் கொட்டின மாதிரி. ஒரு புள்ளி ஒரு ஆள். தொட்டால் பெயர் வருகிறது. வயது, படிப்பு, ஊர் ஒத்துப்போகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில். நான் சிவப்புப் புள்ளி. ஓரத்தில் தனியாகக் கிடப்பேன் என்று நினைத்தேன். இல்லை, நல்ல கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறேன்!

"அப்புறம் ஏன்டா ஒருத்தரும் வரல?"

"இரு அக்கா. உன் பக்கத்தை எப்பெப்ப எத்தனை பேரு பாத்தாங்கன்னு மாசவாரியா போட்டுப் பாப்போம்."

31 டிசம்பர்

மாதத்துக்கு ஒரு கோடு. பார்த்தவர்கள் அதிகமென்றால் கோடு உயரம். நான் அதில் இருக்கும் மூன்று வருஷமும் மார்ச் பக்கம் ஒரு பள்ளம். இந்த வருஷம் மட்டும் மார்ச்சில் விழுந்தது எழவே இல்லை. சுத்தமாக ஒன்றுமில்லை.

சாம் அப்பாவைக் கேட்டான். அப்பா சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "தவக்காலத்துல கல்யாணப் பேச்சு எடுக்கலாமாப்பா? சாம்பல் புதனுக்கு இவ பக்கத்தை மறைச்சு வெச்சுருவேன், ஈஸ்டருக்குத் தொறந்துருவேன்."

"இந்த வருஷம் தொறந்தீங்களா பெரியப்பா?"

அப்பா முகம் வெளுத்துவிட்டது.

அடப்பாவமே! ஒம்போது மாசம்! மூக்கு சரியில்ல, நெறம் பத்தலன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு அழுதேனே — என்னைய யாரும் பாக்கவே இல்லியே! வீடு அதிரக் கத்திவிட்டேன். புது வருஷப் பூசைக்கும் போகவில்லை.

1 ஜனவரி 2026

அப்பா சாப்பிடவில்லை. சாயங்காலம் போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இனிமே நீயே வெச்சுக்கம்மா. எனக்கு மறதி வந்துட்டுது." பாவம் மனுஷர். கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் தோசை வார்த்துக் கொடுத்தேன்.

9 ஜனவரி

பக்கத்தைத் திறந்துவிட்டதிலிருந்து ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏழு! வகுப்பில் காரணமில்லாமல் சிரித்தேன்.

8 பிப்ரவரி

ஜெயங்கொண்டத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை லியோ பிரபு, பேங்க் வேலை. என்னோடு தனியாகப் பேசிய நேரமெல்லாம் நான் எப்போது வேலையை விடுவேன் என்பதையே கேட்டார். அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டதாம். அப்பா தயங்கியபடி உள்ளே வந்தார்.

"என்னம்மா சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பிறகு கூடத்தில் அவர் குரல் கேட்டது: "புள்ளைக்கு இஷ்டமில்லீங்க."

அவர்கள் போனதும், மீந்த கேசரியை நானும் அப்பாவும் சட்டியோடு வைத்துத் தின்று தீர்த்தோம்.