ஒரு சிவப்புப் புள்ளி

வைகாசி, செவ்வாய் இரவு.

கருட சேவைக் கூட்டத்தில் செல்போன் எடுக்காது என்று தொண்டர்களுக்குக் கைக்கருவி கொடுத்திருந்தேன். டவர் தேவையில்லை. ஒரு கருவியின் செய்தியை அடுத்த கருவி வாங்கிக் கடத்தும்; ஆட்கள் மட்டும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் என் திரையில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி; தொடர்பு அறுந்தால் அது சிவப்பாகும்.

பெருமாள் வந்ததும் எல்லோரும் குடைக்குப் பின்னால் போய்விட்டார்கள். பிள்ளையார்பாளையம் முனையில் கஸ்தூரி மட்டும் தனியாக நின்றாள். அங்கே ஓர் அம்மா மயங்கி விழ, அவள் அனுப்பிய செய்தியைக் கடத்த இடையில் ஆளே இல்லை. கடைசியில் என் அறைக்கே ஓடி வந்தாள்.

"எத்தினி தபா அனுப்பினேன்! ஸ்கிரீனைப் பார்த்துக்கினுதானே இருந்தீங்க சார்?"

நெட்வொர்க் அறுந்துவிட்டது என்றேன். பொய்யில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் இல்லை. அவள் புள்ளி சிவப்பானபோது, நானும் திரையை விட்டு வாசலுக்குப் போய்க் கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன்.