இங்கிலீஷ் கேட்கும் காது

12 ஜூன் 1961, காத்ர் போர்ன்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்களை எடுக்கிறார்கள். பரீட்சை ஜூலைக் கடைசியில். எழுத்து, பேச்சு இரண்டுக்கும் பயமில்லை. மூன்றாவதாகக் 'கேட்டல்' என்று ஒன்று. அடுத்த அறையிலிருந்து ஒருவர் டெலிபோனில் இங்கிலீஷில் பேசுவாராம். நாம் கேட்டு எழுத வேண்டும். திரும்பச் சொல்ல மாட்டாராம்.

கோபாலன் அண்ணா சிரித்தான். "நம்ம தீவுல வீட்டுக்குக் கிரியோல், ஆபீஸுக்குப் பிரெஞ்சு. இங்கிலீஷை நீ எங்க கேட்ட? புஸ்தகத்துலதானே?"

உண்மைதான். இத்தனை வருஷம் படித்த பாஷையை ஒருவர் பேசிக் கேட்டதேயில்லை என்பது எவ்வளவு விசித்திரம்!

(இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். கோவில் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் குழந்தைகளைத் தவிர இங்கே யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள்.)

18 ஜூன்

பக்கத்து வீட்டு யொலாந்தும் இந்தப் பரீட்சை எழுதுகிறாள். அவள் வீட்டு ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி கேட்டு, இருவரும் தனித்தனியே எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தோம். துறைமுகத்துக்குக் கப்பல் ('ஷிப்') வந்தது என்று நான் எழுதியிருந்தேன். அவள் ஆடு ('ஷீப்') வந்தது என்று எழுதியிருந்தாள். அப்புறம் நான் தலைமுடி ('ஹேர்') என்று எழுதிய இடத்தில் அவள் காற்று ('ஏர்'). அதில் அவள்தான் சரி.

"இங்கிலீஷ்காரன் பாதி வார்த்தையை வாய்க்குள்ளயே வச்சுக்கிறான்" என்றாள்.

அந்தப் பாதி எங்கே போகிறது? நாளெல்லாம் இதே யோசனை.

24 ஜூன்

சந்தையில் இரண்டு இங்கிலீஷ் பெண்கள். வாக்வாவில் இருக்கும் கடற்படைக் கம்பியில்லா நிலையத்துக்காரர்களின் மனைவிகளாக இருக்க வேண்டும். முட்டைக்கோஸ் கடையிலிருந்து சௌசௌ கடை வரை பின்னாலேயே போனேன். என்ன இசை அது! வாக்கியம் மேலே ஏறி, கடைசியில் படியில் இறங்குவதுபோல இறங்குகிறது. ஒருத்திக்குப் பல்வலி. வேலைக்காரி நன்றாகச் சமைக்கிறாளாம். அதுவரை பிடித்துவிட்டேன்!

பிறகு கூட வந்த யொலாந்த் என் கையைக் கிள்ளினாள். "அந்த அம்மா உன் பக்கத்துல நின்னு, வழி தெரியலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ மரம் மாதிரி நிக்கிற!"

எனக்குக் கேட்கவேயில்லை. வேறு யோசனையில் இருந்தேனோ?

1 ஜூலை

அண்ணா வேலை பார்க்கும் கடையில் கிடங்குக்கு ஒரு உள் டெலிபோன் உண்டு. கடை மூடியதும் முதலாளியிடம் கேட்டு என்னை அழைத்துப்போனான். அவன் கிடங்கிலிருந்து செய்தித்தாள் படிக்க, நான் எழுத வேண்டும்.

வலது கையில் பென்சில். இடது கையில் ரிசீவர், இடது காதில். ஒன்றுமில்லை. லைன் செத்துவிட்டது என்று கத்தினேன். அவன் ஓடிவந்து ரிசீவரை வாங்கிக் கேட்டான். "நல்லாத்தானே இருக்கு?" என் வலது காதில் வைத்தான். சீராக இரைகிறது. இடது காதில் — ஒன்றுமில்லை.

வீட்டில் அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் டிக் டிக். இடப்பக்கம் சுவர்.

அம்மா தானும் ஒருமுறை கடிகாரத்தை என் இடது காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சே, அதுலயா? கூப்பிட்டா திரும்ப மாட்ட... திமிருன்னு நெனச்சு அடிச்சிருக்கேன்டி" என்றாள்.

2 ஜூலை

தெரியாமலே எப்படி வாழ்ந்தேன்? இன்று என்னையே வேவு பார்த்தேன். யொலாந்துடன் நடக்கும்போது எப்போதும் அவளை வலப்பக்கம் வைத்துக்கொள்கிறேன். கோவில் வகுப்பில் இடது மூலையில் உட்காருகிறேன். உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

9 ஜூலை

அண்ணா சொல்கிறான்: "யார்கிட்டயும் சொல்லாத. டெலிபோன்காரங்க செவிட்டுப் பொண்ணையா எடுப்பாங்க?"

செவிட்டுப் பொண்ணு. சொல்லிட்டான். அவன் வேணும்னு சொல்லலை, தெரியும். இருந்தாலும் — போடா.

இடது கையை முகத்துக்குக் குறுக்கே வளைத்து, வலது காதில் ரிசீவரைப் பிடித்து எழுதப் பழகுகிறேன். யொலாந்த் எனக்காக, டெலிபோன் குரல் மாதிரி, மூக்கால் இங்கிலீஷ் படிக்கிறாள்.

26 ஜூலை

தலைநகர் போர்ட் லூயி. பரீட்சை.

ரிசீவரே இல்லை! தலையில் மாட்டும் கருவி. ஒரே ஒரு காதுக்கு. மேற்பார்வையாளர் மதாம் இவெட் ஒவ்வொருவருக்கும் தானே மாட்டிவிட்டார். எனக்கு இடது காதில்.

சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டிருக்கலாம். கை அதன்மேல் போனது. ஆனால் வேலை கிடைத்தால் தினமும் இப்படித் திருட்டுத்தனமாகவா? எழுந்து நின்றேன்.

"மதாம், எனக்கு இந்தக் காது கேட்காது. வலது மட்டும்தான் கேட்கும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதாம் இவெட் என் அருகில் வந்தார், வலப்பக்கமாக.

"உள்ளே வேலை செய்யும் பெண்கள் எதற்காக அழுகிறார்கள் தெரியுமா? சும்மா இருக்கும் காதில் பக்கத்துப் பெண்களின் கூச்சல் விழுகிறது என்று" என்றார் பிரெஞ்சில். கருவியைத் திருப்பி மாட்டினார். "உட்கார்."

குரல் வந்தது. ஒரு ஆண், வேகமாக, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு. விழுங்கியது எங்கே போகிறதென்று முதல் தடவையாகப் புரிந்தது: அடுத்த வார்த்தைக்குள்.

14 ஆகஸ்ட்

எடுத்துவிட்டார்கள். யொலாந்தை எடுக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு காப்பி போட்டாள். அடுத்த தடவைக்கு நான் படித்துக்காட்ட வேண்டுமாம்.

3 அக்டோபர்

எக்ஸ்சேஞ்சில் என் இடப்பக்க நாற்காலிக்கு ரோஸ்-மே என்று புதுப்பெண். காலையெல்லாம் அழைப்புகளுக்கு நடுவே என் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள் போல. இடைவேளையில் பார்த்தால் கண்கள் சிவந்திருக்கின்றன.

"நீ நல்லவள். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் கேட்டாய்" என்றாள்.

தலையாட்டிவிட்டிருக்கலாம். அவள் தோளைப் பிடித்து என் வலப்பக்கமாக நகர்த்தினேன்.

"ரோஸ்-மே, ஒன்றுமே கேட்கவில்லை. இந்தப் பக்கம் வந்து முதலிலிருந்து சொல்."

வந்து உட்கார்ந்தாள். சொன்னாள்.