நீ வெட்டிய மல்லி

மச்சான்,

அண்ணியைக் கூட்டிவரச் சதுரங்கப்பட்டினம் போகிறேன். கரையேறி வந்ததும் முதலில் சாப்பிடு. சோறு பானையில், குழம்பு உறியில்.

பிறகு கிணற்றடிக்குப் போய்ப் பார். தை மாசம் நீ ஒட்ட வெட்டிப்போட்ட மல்லிச் செடிகள் முழுக்க மொட்டு! அன்றைக்கு, "பொண்ணு கல்யாணத்த வச்சிகினு பூச்செடிய வெட்டுறியே, புத்தி கீதா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "வெட்னாத்தான் பங்குனிக்குப் பூக்கும்" என்று சொல்லிவிட்டு நீ கடலுக்குப் போய்விட்டாய். நாளைக்கு நம் வச்சலா தலைநிறைய நம் வீட்டுப் பூவோடு மணையில் உட்காருவாள். நீ நல்லா இருக்கணும் மச்சான்.

சாயங்காலம் திருப்போரூர்ப் பூக்காரி செங்கம்மாள் வருவாள். உன்னை நம்பாமல் நான்தான் கல்யாணத்துக்குப் பூ சொல்லிவைத்தேன். பூ வேண்டாம், கட்டிக் கொடுத்தால் போதும் என்று சொல்லு. முறைக்காதே. என்னிடம் சொல்லாமல் வெட்டியது நீ, உன்னிடம் சொல்லாமல் பூவுக்குச் சொன்னது நான். சரிக்குச் சரி.

சம்பூர்ணம்

மீன் கையோடு மொட்டைப் பறிக்காதே. சீயக்காய் போட்டுக் கழுவு.

இன்னொன்று. எனக்கு ஒரு முழம் தனியாக எடுத்து வை. அதைச் செங்கம்மாள் கட்ட வேண்டாம். வலை முடிகிற கைதானே, நீயே கட்டு.